வாசகர் கேள்வி – பதில்: சென்னையின் குடத்துக்குள் எத்தனை ஆறுகள்?

கோடை தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையின் குடிநீரைப் பற்றியவை. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒரு பொருளுக்கே முழு இடத்தையும் தந்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி (பெரம்பூர் வாசகி): எங்கள் தெருக்குழாயில் வருவது புழல் ஏரித் தண்ணீர் என்கிறார்கள். புழல் ஏரிக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: தங்கள் பேத்தியின் கேள்வி, பெரியவர்களாகிய நாம் கேட்க மறந்துவிட்ட கேள்வி. புழல் என்பது சரியான விடைதான். ஆனால் அது ஒரு நீண்ட பயணத்தின் கடைசி நிறுத்தம் மட்டுமே.

புழல் முதலில் ஒரு சிற்றேரி. அதைச் சுற்றிப் பெய்யும் மழை மட்டுமே அதன் வரத்தாக இருந்திருந்தால் இத்தனை பெரிய நகருக்கு அது தண்ணீர் தந்திருக்க முடியாது. ஃபிரேசர் என்ற பொறியாளர் 1866இல் முன்வைத்த திட்டத்தின்படி, கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டி, ஆற்று நீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழலுக்குக் கொண்டு வந்தார்கள். புழலிலிருந்து திறந்த கால்வாய் வழியாக, எந்த இயந்திரமும் இல்லாமல் நிலத்தின் சரிவை மட்டுமே நம்பி, தண்ணீர் கீழ்ப்பாக்கம் வரை ஓடி வந்தது. இந்த ஏற்பாடு 1872இல் நடைமுறைக்கு வந்தது. வடிகட்டாத அந்த நீரையே நகரம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடித்தது. 1914இல்தான் மேட்லி என்ற பொறியாளரின் வடிவமைப்பில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் எழுந்தன. தியாகராய நகரில் மேட்லி சாலையைக் கடந்து செல்பவர்கள் அந்தப் பெயருக்கு உரியவர் இவரே என்று அறிந்துகொள்ளலாம்.

கொசஸ்தலையாறு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரும், ஆந்திரப் பகுதியிலிருந்து வரும் நகரியாற்றின் நீரும் சேர்ந்து இதை வளர்க்கின்றன. எண்ணூரில் இது கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் கடலுக்குப் போய்விடும் இந்த நீரைத் தேக்கி வைக்க வேண்டும் என்று, சென்னை மேயராக இருந்த எஸ். சத்தியமூர்த்தி பெரிதும் முயன்றார். அவ்வாறு எழுந்ததே பூண்டி நீர்த்தேக்கம். 1944இல் அது நிறைவடைந்தபோது அவர் உயிருடன் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். பூண்டிக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் சூட்டப்பட்டிருப்பதன் காரணம் இதுதான்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. பூண்டிக்கு வடக்கிலிருந்து கிருஷ்ணா நதியின் நீரும் வருகிறது. கிருஷ்ணா மகாராஷ்டிரத்தில் மகாபலேசுவரத்துக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறப்பது. அதன் நீரில் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) சென்னைக்குத் தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் 1976இல் இசைந்தன. 1983இல் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே செயல்முறை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஸ்ரீசைலம் அணையிலிருந்து எடுக்கப்படும் நீர், ஆந்திரத்தில் வடபெண்ணையாற்றின் மீதுள்ள சோமசிலா அணைக்கும், பிறகு கண்டலேறு நீர்த்தேக்கத்துக்கும் வந்து, அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி ஊத்துக்கோட்டைக்கு அருகே தமிழக எல்லையைத் தொட்டு, பூண்டியில் இறங்குகிறது. முதல் முறையாக அது பூண்டிக்கு வந்தது 1996இல். வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்து எல்லையில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பல ஆண்டுகளில் அந்த முழு அளவு வந்ததில்லை. மண் கரைகள் சரிந்தும் நீர் கசிந்தும் போன அந்தக் கால்வாயை, 2000களின் தொடக்கத்தில் சத்திய சாயி பாபாவின் அறக்கட்டளை தன் செலவில் செப்பனிட்டுக் கொடுத்த பிறகே வரத்து ஓரளவு சீரானது.

ஆகவே தங்கள் பேத்தியிடம் இப்படிச் சொல்லலாம்: நம் குடத்தில் இருக்கும் தண்ணீரில் நம் ஊர் மழையும் இருக்கிறது, நகரி மலைப்பக்கத்து மழையும் இருக்கிறது, சில மாதங்களில் மகாராஷ்டிரத்து மலையில் பெய்த மழையும் இருக்கிறது.

கேள்வி (மண்ணடி, கல்லூரி மாணவர்): ஏரிகளுக்கு முன்னால் சென்னை எதைக் குடித்தது? ஏழு கிணறு என்ற பெயர் உண்மையிலேயே ஏழு கிணறுகளைக் குறிக்கிறதா?

பதில்: ஆம். வீட்டுக் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்த ஊரில், கோட்டைக்குள் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பான நீர் வேண்டும் என்று கேப்டன் பேக்கர் என்பவர் சொன்ன யோசனையின்படி, 1772இல் தாங்கள் வசிக்கும் பகுதிக்குப் பக்கத்தில் கிணறுகள் தோண்டப்பட்டு, அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் கொண்டு செல்லப்பட்டது. கடற்கரைக்கு இத்தனை அருகில் நல்ல நீர் கிடைத்ததற்குக் காரணம், மணற்பாங்கான நிலம் மழையை உறிஞ்சித் தன்னுள் தேக்கி வைத்துக்கொண்டதுதான். அந்த மணல் இன்றும் நம் கால்களுக்குக் கீழே இருக்கிறது. அதன்மேல் சிமெண்ட் போட்டு மூடியிருக்கிறோம்.

கேள்வி (அம்பத்தூர்): நாளிதழில் தினமும் ‘ஏரிகளில் இத்தனை டி.எம்.சி.’ என்று போடுகிறார்கள். அது எங்களுக்கு எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்கிட முடியுமா?

பதில்: ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் ஏறத்தாழ 2,830 கோடி. சென்னைக்கு இப்போது நாள்தோறும் வழங்கப்படுவது சுமார் 100 கோடி லிட்டர் என்று கொண்டால், ஒரு டி.எம்.சி. நீர் 28 நாளைக்கு வரும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தும் ததும்ப நிறைந்தால் 11.757 டி.எம்.சி.; காகிதக் கணக்கில் பதினோரு மாதம். ஆனால் ஆழம் குறைந்து அகலம் மிகுந்த நம் ஏரிகளில் வெயிலுக்கு ஆவியாகிப் போவது அதிகம். அடியில் வண்டலோடு தேங்கும் நீரை எடுக்கவும் முடியாது. நாளிதழில் வரும் எண்ணைப் படிக்கும்போது இதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (காட்டுமன்னார்கோயில், விவசாயி): எங்கள் வீராணம் ஏரித் தண்ணீரைக் குழாய் போட்டுச் சென்னைக்குக் கொண்டு போகிறார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுப்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியுமா?

பதில்: பெரும்பாலோருக்குத் தெரியாது என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஐயா. தங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமும் வெட்கமும் ஏற்பட்டன. தெரியாதவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீராணம் பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் அதை வெட்டுவித்து, வீரநாராயணன் என்ற தன் தந்தையின் பட்டப்பெயரைச் சூட்டினான் என்பது வரலாறு. வீரநாராயண ஏரி என்பதே மக்கள் நாவில் வீராணம் ஆயிற்று. காவிரியின் நீர் மேட்டூரிலிருந்து கல்லணை வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் தடுக்கப்பட்டு, வடவாறு வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. கடலூர் மாவட்டத்தில் சுமார் 45,000 ஏக்கர் வயல் இதன் ஆயக்கட்டு, அதாவது இந்த ஏரியிலிருந்து பாசனம் பெறும் நிலம். ஆயிரம் ஆண்டுகளாக இந்த நீருக்கு உரியவர்கள் அந்த வயல்களில் உழைப்பவர்கள்.

சென்னைக்கு வீராணம் நீர் என்ற எண்ணம் 1960களின் இறுதியிலேயே எழுந்தது. அதற்காகச் செய்யப்பட்ட பெரிய பெரிய குழாய்கள், திட்டம் கைவிடப்பட்ட பின் சாலையோரங்களில் பல ஆண்டுகள் கிடந்ததையும், வீடற்றவர்கள் அவற்றுக்குள் குடியிருந்ததையும் மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பிறகு புதிய வீராணம் திட்டம் 2004இல் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பில் எடுக்கப்படும் நீர் வடக்குத்துவில் சுத்திகரிக்கப்பட்டு, 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவு குழாயில் பயணம் செய்து போரூரை அடைகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. இதை ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் சுமார் 2.3 டி.எம்.சி. ஆகிறது, வீராணத்தின் முழுக் கொள்ளளவோ 1.465 டி.எம்.சி. மட்டும். அதாவது ஏரி ஒருமுறை நிறைவது போதாது. காவிரியில் நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும், ஏரி மீண்டும் மீண்டும் நிரம்ப வேண்டும். மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டில், வயலுக்கா, குழாய்க்கா என்ற கேள்வி தவிர்க்க முடியாமல் எழுகிறது. ஏரி வற்றும் காலங்களில் நெய்வேலிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீர் இதே குழாயில் ஏற்றப்படுவதும் உண்டு. அதுவும் தங்கள் மாவட்டத்து நிலத்தடி நீர்தான்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் அனைத்தும் வறண்டு வெடித்துக் கிடந்தபோது நகரைத் தாங்கியவற்றுள் இந்தக் குழாயும் ஒன்று. அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைத் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் காட்டின. ஐம்பது வேகன்களில் வந்த அந்த 25 லட்சம் லிட்டரும் காவிரி நீர்தான்; ஆனால் அது நகரின் இன்றைய ஒரு நாள் வழங்கலில் நானூறில் ஒரு பங்கு மட்டுமே. ஓசையின்றி மண்ணுக்கடியில் அதைப்போல் பல மடங்கு நீரை அனுப்பிக்கொண்டிருந்த வீராணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். குடிநீருக்கு முதலிடம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் பெற்றுக்கொள்ளும் நகரத்துக்கு ஒரு கடமை உண்டு. வீராணத்தில் ஆண்டுதோறும் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துகொண்டே போகிறது. அதைத் தூர்வாருவதும் வடவாற்றின் கரைகளைக் காப்பதும் கடலூர் மாவட்டத்தின் செலவு என்று ஒதுங்காமல், சென்னையின் குடிநீர்ச் செலவாகவே கருதி முன்னுரிமையோடு செய்ய வேண்டும். சென்னையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் குடிநீர் வரி அட்டையில், அந்தப் பகுதிக்கு வரும் நீர் எந்த ஏரியினுடையது என்று ஒரு வரி அச்சிடலாம். தங்கள் கேள்விக்கு அதுவே ஒரு தொடக்கமாக அமையும்.

கேள்வி (திருவான்மியூர்): எங்களுக்கு வருவது கடல் தண்ணீர் என்று பக்கத்து வீட்டார் சொல்லிக் குடிக்கவே தயங்குகிறார்கள். அது உண்மையா? குடிக்கலாமா?

பதில்: தென்சென்னையின் கடலோரப் பகுதிகளுக்கு நெம்மேலியிலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீர் வருவது உண்மை, தயங்காமல் குடிக்கலாம். நெம்மேலியின் முதல் ஆலை 2013இலும், நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறன் கொண்ட இரண்டாவது ஆலை 2024இலும் திறக்கப்பட்டன. வடசென்னைப் பக்கத்துக்கு மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளி ஆலை 2010இல் திறக்கப்பட்டது. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைக்கான பணி 2023இல் தொடங்கப்பட்டது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை மிக நுண்ணிய சவ்வுகளின் வழியாகப் பேரழுத்தத்தில் செலுத்தும்போது நீர் மட்டும் கடந்து, உப்பு பின்தங்கிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் நீர் சுவையற்று இருக்கும் என்பதால் அளவாகத் தாதுக்களைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். புழல் தண்ணீர் குடித்துப் பழகிய நாவுக்கு வேறுபாடு தெரியக்கூடும். அது கெடுதல் அன்று. ஆயிரம் லிட்டர் நன்னீர் பெற ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. எடுத்த கடல்நீரில் பாதிக்கு மேல் அடர்ந்த உப்புநீராகக் கடலுக்கே திரும்புகிறது. அந்த உப்புநீர் விழும் கரையில் மீன்பிடிப்பவர்கள் தெரிவிக்கும் கவலையை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மழை பொய்த்தாலும் கடல் வற்றாது என்பது இதன் பலம். ஏரியில் ஒரு மழை இலவசமாகத் தருவதை இங்கே மின்சாரம் செலவழித்துப் பெறுகிறோம் என்பதும் உண்மை.

கேள்வி (அயனாவரம்): குழாய்த் தண்ணீரில் சில நாள்களில் மருந்து வாடை வருகிறதே?

பதில்: அது குளோரின். ஏரி நீரில் படிகாரம் கலந்து கலங்கலைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, கடைசியாகக் குளோரின் சேர்க்கிறார்கள். நெடுந்தொலைவு குழாயில் வரும்போது கிருமி புகுந்தாலும் அழிப்பதற்காக, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். பாத்திரத்தில் சிறிது நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும். சாக்கடை வாடை வந்தால் மட்டும் அஞ்ச வேண்டும். அந்த நீரைப் பயன்படுத்தாமல் உடனே பகுதிப் பொறியாளருக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி (மீஞ்சூர் அருகிலுள்ள ஒரு சிற்றூர்): எங்கள் தாத்தா காலத்தில் இனித்த கிணறு இப்போது உப்பாகிவிட்டது. சென்னைக்குத் தண்ணீர் எடுத்ததால்தான் என்கிறார்கள். அது சரியா?

பதில்: பெரும்பகுதி சரி. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகப் பரப்பிய மணற்படுகையில் நல்ல நீர் இருப்பதை 1960களின் இறுதியில் ஆய்வு செய்து அறிந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணறுகள் அமைத்து, நகரத்துக்கும் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். கடலோர மண்ணில் நன்னீர் தன் எடையால் உப்புநீரைத் தள்ளி நிறுத்தி வைக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கடல் உள்ளே வருகிறது. மீஞ்சூரில் நடந்தது அதுவே. இறைப்பதை நிறுத்திய உடனே கடல் திரும்பிப் போய்விடாது. பல மழைக்காலங்கள் ஆற்றில் நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கினால்தான் உப்பு மெல்லப் பின்வாங்கும். அதற்காகவே அந்த ஆறுகளில் தடுப்பணைகள் கட்டுகிறார்கள். ஆனால் மணல் அள்ளப்பட்ட ஆற்றில் தடுப்பணை கட்டிப் பயன் குறைவு. நீரை உள்ளே இறக்குவது அந்த மணல்தான். தங்கள் ஊரின் இழப்பு நகரத்தின் கணக்கில் எழுதப்படாத கடன் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (முடிச்சூர், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம்): எங்களுக்கு இன்னும் குழாய் இணைப்பு வரவில்லை, லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான். அவை எங்கிருந்து வருகின்றன? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: தனியார் லாரிகள் பெரும்பாலும் நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் விவசாயக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் நிரப்புகின்றன. கேன் தண்ணீரும் பெரும்பாலும் அத்தகைய நிலத்தடி நீரைச் சுத்திகரித்ததுதான். சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்த 1987இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே லாரிக்காரரிடம் உரிமம் உண்டா, எந்த ஊர்க் கிணறு என்று சங்கத்தின் சார்பில் எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்குத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதைவிடப் பெரிய ஊற்று தங்கள் மாடியிலேயே இருக்கிறது. சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் மட்டும் அது 1.3 லட்சம் லிட்டர். வீணாவதைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டரைப் பிடிக்கலாம். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது கட்டிய தொட்டிகள் பல இன்று இலைக்குப்பையால் அடைபட்டுக் கிடக்கின்றன. தங்கள் குடியிருப்பில் அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேல் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்ப நிரப்புங்கள்; மாடியிலிருந்து வரும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள்; பழைய திறந்த கிணறு இருந்தால் அதைக் குப்பை போட்டு மூடாமல், மழைக்குழாயை அதற்குள் விடுங்கள். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும் என்பதால், இந்த வேலையைச் செப்டம்பர் முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.